ஈரப் படியில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க அம்மாவும் நானும் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். இரண்டாவது மாடியில் புடவை எடுத்து, பணம் கட்டி, பில்லும் கையுமாக இறங்கிக்கொண்டிருந்தோம். லிஃப்ட்டில் கூட்டமாக இருந்ததால் படிக்கட்டில் வந்தோம். முதல் மாடித் திருப்பத்துக்குக் கீழே அப்போதுதான் மாப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கிரானைட் படி என்பதால் ஈரம் கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து, கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தோம். இதுவரை 95,000 ரூபாய் செலவு. அம்மாவுக்கு 54 வயது. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். செலவு போக மாதம் 9,000 ரூபாய் நிற்கும். 23 நாளாக கிரைண்டர் ஓடவில்லை.

கடைக்குப் போன் செய்தால், "விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று போர்டு வைத்திருக்கிறோம், உங்கள் அம்மா செல்போனில் பேசிக்கொண்டே இறங்கினார்" என்கிறார்கள். அம்மாவின் போன் பைக்குள்தான் இருந்தது. போன வாரம் மேனேஜர் வீட்டுக்கே வந்து 10,000 ரூபாயையும், கையெழுத்துப் போட ஒரு தாளையும் நீட்டினார். வாங்கவில்லை. அம்மாவோ, "போதாத நேரம், விழுந்துட்டேன். கேஸு கீஸுன்னு போனா தொடச்ச அந்தப் பொண்ணுக்குத்தான் வேலை போகும். விடு" என்கிறார். சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா? அப்புறம், எங்கள் தெருவில் மூடியில்லாத மழைநீர் வாய்க்காலில் பக்கத்து வீட்டுப் பையன் விழுந்து கால் முறிந்துவிட்டது. அதற்கும் நஷ்டஈடு கேட்க முடியுமா?

ஒரு வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழி இருக்கிறது. ஆனால் அதை விளக்குவதற்கு முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 23 நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். கடைகளில் வைத்திருக்கும் கேமரா பெட்டியில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஹார்டு டிஸ்கின் அளவைப் பொறுத்துப் பெரும்பாலும் 15 நாளிலிருந்து 30 நாளுக்குள் இது நடந்துவிடுகிறது. அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தில் கேமரா இருந்திருந்தால், உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி இன்னும் சில நாளில் அழிந்துவிடலாம். அல்லது ஏற்கெனவே அழிந்திருக்கலாம்.

அதனால் பணத்தைப் பற்றிய பேச்சையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, கடை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மா பெயரில் நீங்களே எழுதி, அம்மாவை இடது கை கைநாட்டு வைக்கச் சொன்னாலும் போதும். விழுந்த தேதி, நேரம், பில் எண், எந்தப் படிக்கட்டு, எந்தத் திருப்பம் என்று எழுதி, அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னுமான கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்கும்படி கேளுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஆதாரத்தை எடுத்து வையுங்கள். கடைக்கு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் எண்ணோ இருந்தால் அதிலும் அனுப்புங்கள். "பதிவு இல்லை" என்று அவர்கள் பிறகு சொன்னாலும் கடிதம் வீண் போகாது. கைவசம் இருந்த சாட்சியத்தை ஒருவர் கொண்டுவராவிட்டால், அது அவருக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளச் சாட்சியச் சட்டம் இடம் கொடுக்கிறது. பதிவு அழியும் முன்னரே நீங்கள் எழுத்தில் கேட்டிருந்தால் அந்த ஊகத்துக்குப் பலம் கூடும்.

வழுக்கி விழுந்த வழக்குகள் சட்டம் இல்லாமல் தோற்பதில்லை. ஆதாரம் கரைந்துபோய்த்தான் தோற்கின்றன. ரோட்டில் பஸ் மோதினால் போலீஸ் வரும், மகஜர் போடும், வண்டியை நிறுத்தி வைக்கும். கடைப் படிக்கட்டு அடுத்த பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அங்கே ஈரம் இருந்தது என்பதை எழுதி வைக்க யாருமே வருவதில்லை. விழுந்தவர் வலியில் இருப்பார், கூட வந்தவர் ஆட்டோ தேடி ஓடுவார். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சரி, இனி அம்மா சொல்வதற்கு வருகிறேன். "போதாத நேரம்" என்று அவர் சொல்வது எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் விழுந்தவர்தான் முதலில் கூச்சப்படுகிறார், பார்த்து நடந்திருக்கலாமே என்று தன்னையே நொந்துகொள்கிறார். ஆனால் சட்டம் கேட்கும் கேள்வியே வேறு. அந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது, அங்கே வருபவர்களுக்கு அடிபடாமல் இருக்க அவர்கள் நியாயமாக என்ன கவனம் எடுத்திருக்க வேண்டும், அதை எடுத்தார்களா? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் பொறுப்பு முடிவாகிறது. வியாபாரத்துக்காகக் கதவைத் திறந்து வைத்து வாடிக்கையாளரை உள்ளே அழைக்கிறவருக்கு, அந்த இடத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. இங்கிலாந்தில் இதற்கென்று தனிச் சட்டமே உண்டு. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. கவனக்குறைவு பற்றி நீதிமன்றத் தீர்ப்புகள் வளர்த்த பொதுவான கொள்கையும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன.

கடைக்குள் விழுந்தாலே கடை பணம் தர வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா தன் புடவை முந்தானை தடுக்கி, காய்ந்த, நல்ல வெளிச்சமுள்ள படியில் விழுந்திருந்தால், கடை மேல் ஒன்றும் கேட்க முடியாது. இன்னொரு வாடிக்கையாளரின் குழந்தை ஒரு நிமிடம் முன்னால் ஜூஸைக் கொட்டி, அதில் வழுக்கியிருந்தால், அதைப் பார்த்துத் துடைக்கக் கடைக்கு நியாயமான நேரம் கிடைத்ததா என்ற வாதம் வரும். 1976-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இப்படியொரு வழக்கு போனது. சூப்பர்மார்க்கெட் தரையில் கொட்டிக் கிடந்த தயிரில் ஒரு பெண் வழுக்கி விழுந்தார். தயிர் எவ்வளவு நேரமாக அங்கே கிடந்தது என்பதை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, தரையைக் கவனிக்க முறையான ஏற்பாடு இருந்தது என்பதைக் கடைதான் காட்ட வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இப்படிப்பட்ட வழக்குகளில் எடுத்துக்காட்டப் பயன்படும்.

உங்கள் விஷயத்தில் அந்தச் சிக்கல்கூட இல்லை. தண்ணீரைப் படியில் போட்டது கடையின் சொந்த ஊழியர். ஆபத்தை உண்டாக்கியதே கடை என்னும்போது "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. வியாபாரம் நடக்கும் நேரத்தில், ஜனங்கள் இறங்கும் படியில், குறுக்கே ஒரு கயிறு கட்டாமல், "ஈரம்" என்று மஞ்சள் பலகை வைக்காமல், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தாமல் மாப் போட்டது தெளிவான கவனக்குறைவு.

"நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற போர்டுக்குப் பயந்துதான் பலர் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வண்டியை நிறுத்தக் கொடுத்த சீட்டில் "உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று அச்சிட்டிருந்தார்கள். கார் திருடு போய்விட்டது. தன் பக்கத்தின் கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு அந்த வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தப்பிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது காரைப் பற்றிய வழக்கு. ஒரு காருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டென்றால், மனுஷி கைக்கு இல்லை என்று எந்த ஆணையமும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. "படியில் கவனமாக இறங்கவும்" என்று வருஷம் முழுக்கத் தொங்கும் போர்டும், இந்தப் படி இப்போது ஈரமாக இருக்கிறது என்ற எச்சரிக்கையும் ஒன்றாகாது.

செல்போன் குற்றச்சாட்டைச் சுலபமாக உடைக்கலாம். விழுந்த நேரத்தை ஒட்டிய அழைப்புப் பட்டியலை அம்மாவின் போனிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சிம் நிறுவனத்திடமிருந்தும் அவருடைய எண்ணின் அழைப்பு விவரத்தைக் கேட்டு வாங்கப் பாருங்கள். ஒருவேளை அவர் பேசிக்கொண்டே வந்திருந்தாலும் வழக்கு செத்துவிடாது. அவர் பங்குக் கவனக்குறைவு இத்தனை சதவீதம் என்று வைத்து, நஷ்டஈட்டில் அந்த அளவைக் குறைப்பார்கள், அவ்வளவுதான்.

எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. உங்களுக்கு நான் சொல்லும் இடம் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அம்மாவின் கையில் பில் இருக்கிறது, அதனால் அவர் சட்டப்படி நுகர்வோர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் சேவைக் குறைபாடு என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே, நுகர்வோருக்கு நஷ்டத்தையோ காயத்தையோ உண்டாக்கும் கவனக்குறைவும் சேர்த்தி. பில் போடும் முன்பே விழுந்திருந்தால் "இவர் எங்கள் வாடிக்கையாளரே இல்லை" என்று ஒரு வாதம் கிளம்பும். அப்போது உரிமையியல் நீதிமன்றம்தான் பத்திரமான வழி. அதனால் அந்தப் பில்லை இன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். கடைகளில் தரும் பில் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கி வெற்றுத் தாளாகிவிடும்.

கடை பாண்டிச்சேரியில் இருக்கிறதே, கடலூரில் போட முடியுமா என்று யோசிப்பீர்கள். முடியும். 1986 ஆம் வருடத்துப் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் போட வேண்டியிருந்தது. புதிய சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம் என்று 34 ஆம் பிரிவில் சொல்கிறது. இந்தச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. கையில் கட்டோடு வாய்தாவுக்கு வாய்தா அம்மா பாண்டிச்சேரி பஸ் ஏற வேண்டியதில்லை, கடைக்காரர் கடலூர் வரட்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் இந்த வசதி இல்லை. காயம் ஏற்பட்ட இடத்திலோ, எதிர்த்தரப்பு இருக்கிற அல்லது தொழில் செய்கிற இடத்திலோதான் வழக்குப் போட வேண்டும், உங்களுக்கு அது புதுச்சேரி நீதிமன்றம். கேட்கும் தொகைக்கு ஏற்றபடி கோர்ட் ஃபீயும் கட்ட வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம், நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்ததில்லை. பொருளுக்கு எவ்வளவு கொடுத்தீர்களோ அதைப் பொறுத்தது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. ஆக, புடவையின் விலைதான் கணக்கு, உங்களுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை, ஆனால் காய வழக்குகளில் ஒருவர் கூட இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். வக்கீல் ஃபீஸ் பெரிய சுமை என்றால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987 ஆம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே, இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

கால வரம்பு, சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 வருடம். அதற்காக 2 வருடம் காத்திருக்க வேண்டாம்.

ஆணையத்தில் எவ்வளவு கேட்பது என்பதில்தான் நம் ஜனங்கள் தடுமாறுகிறார்கள். ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கூட்டி நீட்டிவிடுகிறார்கள், அல்லது வாய்க்கு வந்தபடி 25 லட்சம் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. 2010-இல் வெளியான ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில், காயத்துக்கு என்னென்ன தலைப்புகளில் நஷ்டஈடு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லியிருக்கிறது. அது வாகன விபத்து வழக்குதான், ஆனாலும் மற்றக் காய வழக்குகளில் கணக்குப் போட அதுவே நல்ல அளவுகோல். சிகிச்சை, மருந்து, போக்குவரத்து, சத்தான உணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, சிகிச்சைக் காலத்தில் போன வருமானம், நிரந்தர ஊனம் நின்றுவிட்டால் இனி போகப்போகும் வருமானம், எதிர்கால மருத்துவச் செலவு, அப்புறம் வலியும் வேதனையும், முன்போல வாழ முடியாமல் போவதும். பிளேட்டை ஒருநாள் எடுக்க வேண்டியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அது எதிர்காலச் செலவில் வரும்.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டாக்டர் எழுதும் ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல. இடது கை போய்விட்டால் ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை அப்படியே இருக்கலாம் என்று நீதிமன்றமே உதாரணம் காட்டுகிறது. அம்மாவுக்கு இது மிக முக்கியம். மணிக்கட்டு ஊனம் எண்ணிக்கையில் சின்னதாகத் தெரியலாம். ஆனால் அவர் பிழைப்பே மணிக்கட்டில்தான் இருக்கிறது. ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்குவது, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது, மாவை வழித்துப் பாத்திரத்தில் போடுவது, கிலோ கிலோவாக நிறுத்துக் கட்டுவது எல்லாமே வலது கை வேலை. இதை ஒவ்வொன்றாக மனுவில் எழுத வேண்டும். "மாவு வியாபாரம் பாதிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்தால் அதன் கனம் யாருக்கும் தெரியாது.

கணக்கு எப்படிப் போவது என்பதற்கு ஒரு உதாரணம். மாதம் 9,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,08,000. உச்ச நீதிமன்றத்தின் 2009 ஆம் வருட சரளா வர்மா தீர்ப்பின்படி 51 முதல் 55 வயது வரை உள்ளவர்களுக்கு வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் 11. சம்பாதிக்கும் திறனில் நிரந்தர இழப்பு 10 சதவீதம் என்று முடிவானால், 11,88,000-இல் 10 சதவீதமாக 1,18,800 ரூபாய் இந்த ஒரு தலைப்பில் மட்டும் வரும். சதவீதம் கூடினால் தொகையும் கூடும். நுகர்வோர் ஆணையம் இந்தச் சூத்திரத்தை அப்படியே பின்பற்றியாக வேண்டும் என்பதில்லை, ஆனால் கணக்கோடு கேட்கிற தொகைக்கு மதிப்பே வேறு.

மாவு விற்ற வருமானத்துக்கு ரசீது இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அரிசி, உளுந்து வாங்கிய மளிகைக் கணக்கு, ஜிபே வரவு, மின்சார பில்லில் இந்த மாதம் குறைந்திருக்கும் யூனிட், தினமும் வாங்கும் நாலைந்து பேரின் பிரமாண வாக்குமூலம் எல்லாமே சாட்சிதான். இதற்கு மேல் அம்மா வீட்டுக்குச் செய்யும் வேலையும் இருக்கிறது. அதையும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஜாம்ஷெட்பூரில் 1989-இல் நடந்த தீ விபத்தைப் பற்றிய லதா வாத்வா வழக்கில், 2001-இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில், வீட்டு வேலைக்கு மதிப்புக் கட்டுவது அந்த உழைப்புக்குச் சட்டம் தரும் அங்கீகாரம் என்று இன்னும் அழுத்தமாகச் சொன்னது. இந்த வேலைகளுக்கு இப்போது ஒரு ஆள் வைத்திருக்கிறீர்களா? கொடுக்கும் சம்பளத்தை எழுதி வையுங்கள். நீங்களே வேலைக்கு லீவு போட்டுப் பார்க்கிறீர்களா? அந்தச் சம்பள இழப்பையும் எழுதுங்கள்.

அதே சமயம், வலி வேதனை என்ற தலைப்பில் நம் நாட்டில் கிடைக்கும் தொகை பெரிதாக இருக்காது. வெளிநாட்டில் காபி கொட்டியதற்குக் கோடி கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். காலமும் ஆகும். 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட அதிகம் பிடிக்கும். நீங்கள் ஜெயித்தால் கடை 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். ஆனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அதனால் பலர் தீர்ப்புக்கு முன்னாலேயே சமரசத்துக்கு இறங்கி வருகிறார்கள்.

மேனேஜர் கொண்டுவந்த தாளுக்கு வருகிறேன். நீங்கள் கையெழுத்துப் போடாதது மிக நல்ல காரியம். அந்த மாதிரித் தாள்களில் "இதற்குமேல் எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து என்று பின்னால் வாதாடலாம்தான், ஆனால் அந்த வாதத்தை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் ஏறும். அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டு வாங்கத்தான் வேண்டும் என்றால், "மருத்துவச் செலவுக்கான முன்தொகையாக மட்டும், என் மற்ற உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்களே எழுதிய ரசீதைக் கொடுங்கள். அதை ஏற்க மாட்டேன் என்றால் பணமும் வேண்டாம். மேனேஜர் வீடு தேடி வந்ததே, கடைக்குள்தான் விழுந்தார் என்பதை அவர்கள் மறுக்கவில்லை என்பதற்கு ஒரு தடயம். வந்த தேதியையும் அவர் சொன்னதையும் குறித்து வையுங்கள். பெரிய கடைகள் சில, வருகிறவர்களுக்கு அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்க இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருக்கும். நஷ்டஈடு கேட்டுக் கடைக்கு அனுப்பும் நோட்டீஸில் அந்தப் பாலிசி விவரத்தையும் கேளுங்கள். இருந்தால், கடைக்காரர் தன் கல்லாவிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை என்பதால் பேச்சும் சுமுகமாகும். சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக லோக் அதாலத்தில் பேசி முடிக்கவும் வழி உண்டு. ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் அதுவே இறுதி, அப்பீல் கிடையாது. ஊனம் எவ்வளவு என்று தெரியும் முன்னால் அங்கே தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

மாப் போட்ட பெண்ணைப் பற்றி அம்மா கவலைப்படுவதைப் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. அவரிடம் நான் சொன்னதாக இதைச் சொல்லுங்கள்: வழக்கு அந்தப் பெண் மேல் இல்லை. ஊழியர் வேலை நேரத்தில், முதலாளியின் வேலையைச் செய்யும்போது நடந்த கவனக்குறைவுக்கு முதலாளியே பொறுப்பு. மனுவில் அவர் பெயரையே எழுத வேண்டியதில்லை, எதிர்த்தரப்பு நிறுவனம் மட்டும்தான். கூட்டமான நேரத்தில் மாப் போடச் சொன்னது யார், எச்சரிக்கைப் பலகை வாங்கிக் கொடுக்காதது யார் என்ற கேள்வியெல்லாம் மேலே இருப்பவர்களை நோக்கித்தான் போகும். அந்தப் பெண்ணே நாளைக்கு அதே படியில் வழுக்கி விழலாம். பலகையும் கயிறும் வந்தால் அது அவருக்கும் பாதுகாப்பு.

இதே காரணத்தால்தான் கிரிமினல் புகாரை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். கவனக்குறைவால் கொடுங்காயம் உண்டாக்குவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125 ஆம் பிரிவில் குற்றம்தான். கடலூரிலேயே எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை வேறு என்று திருப்பி அனுப்பக் கூடாது, புதுச்சேரிக்கு அவர்கள்தான் மாற்ற வேண்டும். ஆனால் போலீஸ் விசாரணை பெரும்பாலும் கீழே இருப்பவர் கழுத்தில் போய் முடியும். நஷ்டஈட்டுக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயமும் இல்லை. கடை, அம்மா அங்கே விழவே இல்லை என்று சாதிக்க ஆரம்பித்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

ஆதாரம் பற்றி இன்னும் கொஞ்சம். மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, கேஸ் ஷீட் முழுவதையும் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான நடத்தை விதி. அதில் முதல் பக்கத்தில் "எப்படி அடிபட்டது" என்று எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். அவசரத்தில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார். தப்பாக இருந்தால், இப்போதே டாக்டருக்கு எழுதிக் கொடுத்துத் திருத்தக் குறிப்பு போடச் சொல்லுங்கள்.

இன்னொரு முறை அந்தக் கடைக்குச் சாதாரணமாகப் போய்ப் படிக்கட்டைப் பாருங்கள். கையில் ஒரு இன்ச் டேப் இருக்கட்டும். 2016 ஆம் வருட தேசியக் கட்டிட விதித்தொகுப்பின்படி, வீடல்லாத மற்றக் கட்டிடங்களில் படியின் மிதி அகலம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, வழுக்காதபடி பராமரிக்க வேண்டும். பாலிஷ் போட்ட கிரானைட்டில் சொரசொரப்புப் பட்டை ஒட்டியிருக்கிறார்களா, கைப்பிடி கடைசிவரை இருக்கிறதா, திருப்பத்தில் வெளிச்சம் எப்படி என்று பார்த்துப் போட்டோ எடுங்கள். சண்டை போடாதீர்கள். உள்ளே விடவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள், அந்த இடத்தைப் பார்த்து வர ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்கும்படி பிறகு ஆணையத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். அன்றைக்கு உங்களுக்கு உதவிய வாடிக்கையாளர், ஆட்டோ டிரைவர் யாராவது நினைவில் இருந்தால் தேடிப் பிடியுங்கள். நீங்களும் சாட்சிதான், மகள் என்பதால் உங்கள் வாக்குமூலத்தை ஒதுக்கிவிட முடியாது. நினைவு மங்கும் முன்னால் அன்றைக்கு நடந்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

ஊனச் சான்றிதழுக்கு அவசரப்பட வேண்டாம். எலும்பு கூடி, பிசியோதெரபி முடிந்து, இதற்குமேல் கை தேறாது என்று டாக்டர் சொல்லும் கட்டத்தில் வாங்குவதுதான் நிற்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் விஷயம் தனி. பொது இடத்தைப் பராமரிக்கும் அமைப்புக்கும் பொறுப்பு உண்டு என்பதில் சந்தேகமில்லை. டெல்லி சாந்தினி சவுக்கில் நகராட்சிக்குச் சொந்தமான கடிகாரக் கோபுரம் இடிந்து விழுந்து ஜனங்கள் இறந்த வழக்கில், நடந்த சம்பவமே கவனக்குறைவுக்குச் சாட்சி சொல்கிறது என்று வைத்து, 1966-இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. ஆனால் உங்கள் வழி அவர்களுக்குச் சரிவராது. வரி கட்டுவது சேவைக்குக் கொடுக்கும் கூலி ஆகாது என்பதால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் ஏற்காது. உரிமையியல் வழக்கோ, உண்மைகள் தகராறு இல்லாமல் தெளிவாக இருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோ போட வேண்டும்.

முதலில் அந்த வாய்க்கால் யாருடையது என்று தெரிய வேண்டும். மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் திறந்து கிடக்கும் வாய்க்காலை, பக்கத்தில் ஒரு அடையாளம் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்கட்டும். இதற்கு முன் யாராவது புகார் கொடுத்திருந்தால் அதன் நகல் தங்கம் மாதிரி. அரசுத் துறை மேல் வழக்கென்றால் 2 மாத முன் நோட்டீஸ் கட்டாயம், மாநகராட்சிக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போவதே பத்திரம். சட்டப்படியான கடமையில் தவறியதற்கு 1 வருடம்தான் அவகாசம் என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் இருப்பதால், பையன் மைனர் என்பதற்காகத் தள்ளிப்போடாமல் அந்த 1 வருடத்துக்குள் வழக்கைப் போட்டுவிடச் சொல்லுங்கள். பையன் பார்த்து நடக்கவில்லை என்ற வாதத்துக்குக் குழந்தைகள் விஷயத்தில் நீதிமன்றங்கள் அதிகம் மதிப்புக் கொடுப்பதில்லை. குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. ஆணைக்குழுவுக்கு நீங்கள் போகும்போது அந்தப் பையனின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகும் முன், வாய்க்காலுக்கு மூடி போடச் சொல்லி மாநகராட்சி ஆணையருக்குத் தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு மனுவையும் கொடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் ரோடு எது, வாய்க்கால் எது என்று பெரியவர்களுக்கே தெரியாது.